பாவிச்ச பல்சர் 150: இருபது நிமிஷத்தில நிக்குது, காலையில பிடிக்குதில்ல, பட்டரியும் இறங்குது

தாழங்குடா_தம்பி
வணக்கம் அண்ணன்மார், காக்காமார். கைமாறி வந்த பல்சர் 150. 2012 பதிவு, காபரேட்டர், இரட்டைப் பிளக். எடுத்து ஒரு கிழமை. பிழைகள் இதுதான்:
காலையில 12–15 கிக் அடிச்சாத்தான் பிடிக்கும். சோக் இழுத்தாலும் அப்படித்தான்.
15–20 நிமிஷம் ஓடினா முக்கி முக்கி நிண்டுடும். பத்து நிமிஷம் விட்டா திரும்பப் பிடிக்கும்.
இன்ஜின் ஓடும்போது நியூட்ரல் விழாது. நிப்பாட்டினா லேசா விழும்.
60க்கு மேல ஹேண்டில் ஆடுது.
ரெண்டு நாள் ஓடாம வச்சா செல்ப் அடிக்காது.
கராஜில காபரேட்டர், பிளக்குக்குக் கரண்ட் குடுக்கிற கொயில், பட்டரி மூண்டும் புதுசு போடச் சொல்றாங்க. எதை முதல்ல மாத்திறது?

பதினாலாம்_நம்பர்
தம்பி, ஒண்டையும் மாத்தாதீங்க. நீங்க எழுதினது அஞ்சு பிழை. எல்லாத்துக்கும் ஒரே காரணம் இருக்கும் எண்டு தேடினா காசுதான் போகும். ஒவ்வொண்டா எடுப்பம், முதல்ல நடுவழியில நிக்கிறது.

மூண்டு கேள்வி. ஒண்டு, நிக்கும்போது மெல்ல மெல்ல வலு குறைஞ்சு நிக்குதா, சுவிட்ச் ஓப் பண்ணின மாதிரி டக்கெண்டு வெட்டுதா? ரெண்டு, டாங்கி நிரம்பி இருக்கும்போது சீக்கிரம் நிக்குதா, குறைவா இருக்கும்போதா? மூண்டு, நிண்ட உடனே டாங்கி மூடியைத் திறந்தா "உஸ்" எண்டு காத்து உள்ளுக்கு இழுக்கிற சத்தம் கேக்குதா?

உப்புக்காத்து
சூடாகி நிண்டு ஆறினாப் பிடிக்குது எண்டா கொயில்தான் மச்சான். உள்ளுக்கு வயர் வெடிச்சிருக்கும். சூட்டில விரிஞ்சு விலகும், ஆறினாத் தொடும். பொறி பாய வேண்டிய நேரத்தைச் சொல்ற பிக்கப் கொயிலும் அப்படித்தான் சாகும். கடற்கரைப் பக்கம் கிடந்த பைக் எண்டா சந்தேகமே வேணாம்.

சம்மாந்துறை_வயல்காரன்
கொயிலுக்குப் போக முன்ன பெற்றோல் கொக்கை, டாங்கிக்கு அடியில திறந்து மூடுற அந்தக் குழாயை, கழட்டிப் பாருங்க. பழைய டாங்கிக்குள்ள துரு அரிசி உமி மாதிரிக் கிடக்கும். ஓடும்போது கொக்கின் வலையில போய் ஒட்டும், நிண்டா கீழ விழும், திரும்ப ஓடும். அதுவும் "ஆறினாப் பிடிக்கும்" கணக்குத்தான்.

ஒயில்கை
இருவர் சொல்வதும் நடக்கக்கூடியவைதான். ஆனால் பிழை இருக்கும்போதுதான் சோதிக்க வேண்டும். வண்டி ஆறி, நல்லாக ஓடும்போது கராஜில் விட்டால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. நின்ற இடத்திலேயே செய்யும் சோதனை இது:

பிளக் ஸ்பனர், ஒரு நல்ல பழைய பிளக், ஒரு சின்னப் போத்தல், காபரேட்டரின் கீழ்த் திருகாணிக்கு ஏற்ற ஸ்க்ரூ டிரைவர். இவற்றை சீட்டுக்கடியில் வைத்துக்கொண்டு ஓடுங்கள். (ஸ்பனர் அளவு பிளக்கைப் பொறுத்தது, வீட்டிலேயே போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.)

நின்றவுடன் மூடியைத் திறக்காதீர்கள். முதலில் ஒரு பிளக் கப்பைக் கழற்றிக் கையிலுள்ள பிளக்கில் பூட்டி, பிளக்கின் இரும்பு உடலை இன்ஜினில் அழுத்தி வைத்துக் கிக் அடியுங்கள். நீல நிறத்தில், "டிக்" என்று சத்தத்தோடு பாய்ந்தால் கரண்ட் இருக்கிறது. மெலிந்த மஞ்சள் பொறி என்றால் சந்தேகம். அதன் பிறகு மற்றக் கப்பையும் அதேபோலப் பாருங்கள். இரண்டு பிளக்கில் ஒன்று செத்தாலும் இந்த இன்ஜின் ஓடும், ஆனால் வலு குறையும், காலையில் அடம் பிடிக்கும். கப்பைச் சும்மா தொங்க விட்டுக் கிக் அடிக்க வேண்டாம், பாய இடமில்லாத கரண்ட் கொயிலையும், பொறியைக் கட்டுப்படுத்தும் சீடிஐ பெட்டியையும் கெடுக்கும். இது முடிந்த பிறகுதான் பெற்றோலைத் தொட வேண்டும். பொறியும் பெற்றோல் ஆவியும் ஒரே நேரத்தில் வேண்டாம்.

இனிப் பெற்றோல். காபரேட்டர் கிண்ணத்தின் அடித் திருகாணியைத் தளர்த்திப் போத்தலில் பிடியுங்கள். கிண்ணம் நிறைய இருந்தால் பாய்ந்து வரும், தொடர்ந்தும் ஓடும். கொஞ்சம் வந்து சொட்டாக மாறினால் மேலிருந்து வரவில்லை என்று அர்த்தம். அப்படியே பிடித்துக்கொண்டு இப்போது மூடியைத் திறவுங்கள். ஓட்டம் கூடினால் மூடியின் காற்றுத் துவாரம் அடைப்பு. கூடாவிட்டால் கொக், வடிகட்டி, குழாய்.

பதினாலாம்_நம்பர்
இதுதான் சரியான ஒழுங்கு. மூடியை முதல்ல திறந்தா ஆதாரம் போயிடும்.

உப்புக்காத்து
மூடி ஓட்டை இவ்வளவு வேலை செய்யுமா? எவ்வளவு காத்துத்தான் அதுக்குத் தேவை?

ஒயில்கை
கணக்குப் போட்டுப் பாருங்கள். டாங்கியிலிருந்து காபரேட்டருக்குப் பெற்றோல் தன் பாரத்தாலேயே இறங்குகிறது, பம்ப் இல்லை. 20 சென்ரிமீற்றர் உயரப் பெற்றோலின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய 1.5 சதவீதம்தான். மூடி முழுதாக அடைத்திருந்தால், பெற்றோலுக்கு மேலுள்ள காற்று 1.5 சதவீதம் விரிந்தவுடனேயே ஓட்டம் நின்றுவிடும். டாங்கியில் காற்றிடம் 10 லீற்றர் என்றால் 150 மில்லி இறங்கியதும் கதை முடிந்தது, லீற்றருக்கு 45 கிலோமீற்றர் கணக்கில் அது 7 கிலோமீற்றருக்கும் குறைவு. நிரம்பிய டாங்கியில் காற்றிடம் 2 லீற்றர்தான் என்றால் 30 மில்லி. அதனால்தான் நிறைய அடித்த அன்றைக்கு வண்டி இன்னும் சீக்கிரம் நிற்கும். கொயில் பிழைக்குப் பெற்றோல் அளவோடு சம்பந்தமே இல்லை.

இன்னொரு விசயம். வெயிலில் நிறுத்தி எடுத்த டாங்கிக்குள் ஆவி அழுத்தம் ஏறி இருக்கும், அது வெற்றிடத்தை மறைத்துவிடும். பகலில் பிழை தெரியாமல், பின்னேரம் அல்லது மழையில் டாங்கி குளிரும்போது நின்றால் மூடியின் மேல் சந்தேகம் இன்னும் கூடும்.

தாழங்குடா_தம்பி
இண்டைக்கு டாங்கி நிரப்பிட்டு கல்லடிப் பாலத்தால டவுனுக்குப் போய் வந்தது. 9 நிமிஷத்தில நிண்டுட்டு. டக்கெண்டு இல்ல, முக்கித்தான் நிண்டது. ரெண்டு கப்பிலயும் நீலப் பொறி வந்தது. கிண்ணத் திருகாணியைத் திறந்தா ரெண்டு தேக்கரண்டி அளவு வந்துட்டுச் சொட்டு. மூடியைத் திறந்த உடனே "உஸ்", மறுகா குழாய் திறந்த மாதிரி ஓடுது!

சம்மாந்துறை_வயல்காரன்
அப்ப கொயிலும் காபரேட்டரும் தப்பிச்சுது. மூடியைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்க, சின்ன ஓட்டை இருக்கும். டாங்கிக்குப் புதுப் பெயின்ட் அடிச்சிருந்தா பெயின்ட் போய் அடைச்சிருக்கும். இல்லாட்டி துருவும் மண்ணும். கழுவின தண்ணி நிக்கிற இடமும் அதுதான். ஊசியைப் போட்டுக் குத்திக் கிழிக்காதீங்க, உள்ளுக்கு ரப்பர் இருக்கு. பெற்றோல்ல ஊற வச்சு, காத்துப் பம்பால மெதுவா ஊதுங்க. வாயை வச்சு ஊதிப் பார்க்கிற வேல வேணாம். மூடியைச் சுத்தி இருக்கிற தண்ணி வடியிற குழாயும் அடைச்சிருக்கா எண்டு பாருங்க. அது அடைச்சா மழைத் தண்ணி டாங்கிக்குள்ள போகும், வாடை காலத்தில இங்க அதுவே தனி வருத்தம்.

உப்புக்காத்து
சரி, கொயில் கட்சி தோத்துது. ஆனா துருவை விடாதீங்க. போத்தல்ல பிடிச்ச பெற்றோல் என்ன நிறம்?

தாழங்குடா_தம்பி
தேத்தண்ணி மாதிரி. அடியில செம்மண் தூள். ஒரு முத்துத் தண்ணியும் உருளுது.

பதினாலாம்_நம்பர்
அப்ப டாங்கி கழுவத்தான் வேணும். இல்லாட்டிக் காபரேட்டரை எத்தனை தரம் கழுவினாலும் பத்து நாள்தான்.

பெற்றோலை முழுசா இறக்குங்க, வெளியில, அடுப்பு, பீடி, சுவிட்ச் ஒண்டும் கிட்ட இல்லாம. கொக்கையும் பெற்றோல் அளவு காட்டிற மிதவையையும் கழட்டி ஓட்டைகளை ரப்பர் வச்சு அடைங்க. சின்ன நட்டு 20 எண்ணிப் போட்டு, கொஞ்சம் தண்ணி விட்டுக் குலுக்குங்க. வெளிய எடுக்கும்போதும் 20 வரவேணும். அதுக்குப் பிறகு வினாகிரி நிரப்பி ஒரு நாள் முழுக்க வைங்க. ஊத்திட்டு, ரெண்டு மூண்டு கரண்டி அப்பச்சோடா கரைச்ச தண்ணியால அலசுங்க. அதைச் செய்யாட்டி மிச்சம் இருக்கிற புளிப்பு இரும்பைத் தின்னும். நல்ல தண்ணியால ரெண்டு தரம், உடனே வெயில்ல காயப் போட்டுக் காத்து ஊதுங்க. காய்ஞ்ச கையோட அரை லீற்றர் பெற்றோல்ல கொஞ்சம் ஒயில் கலந்து உள்ளுக்குச் சுழட்டி விடுங்க. சும்மா விட்டா ஒரே இரவில மஞ்சள் துரு திரும்பப் பூக்கும், நம்மட ஈரக் காத்துக்குச் சொல்லவும் வேணுமா. பூட்டும்போது கொக்கின் ரப்பர் வளையம் புதுசு போடுங்க. டாங்கியில பொத்தல் கண்டா ஒட்டு வெல்டிங் எண்டு வீட்டில கை வைக்காதீங்க. வெறும் டாங்கிதான் வெடிக்கும்.

பூட்டினாப் பிறகு அளவு பாருங்க: மூடி பூட்டினபடி கொக்கைத் திறந்து போத்தல்ல பிடிச்சா நிமிஷத்துக்கு 150–200 மில்லி வந்தாத் தாராளம். 60ல ஓடினா நிமிஷத்துக்கு 22 மில்லி போலதான் குடிக்கும்.

ஸ்கூட்டி_டீச்சர்
இடையில கேக்கிறன், மன்னிக்கணும். பாவிச்ச ஸ்கூட்டர், ஏறும்போது இன்ஜின் கத்துது, வேகம் வருதில்ல. இதுவும் பெற்றோலா?

பதினாலாம்_நம்பர்
இல்ல டீச்சர். இன்ஜின் சுத்துது, வீலுக்குப் போகுதில்ல. இடப்பக்க மூடியைக் கழட்டி பெல்ட் அகலத்தை அளந்து பாருங்க, கையேட்டில குறைஞ்ச அளவு இருக்கும். ரோலர் ஒரு பக்கம் தட்டையாத் தேய்ஞ்சிருந்தா செட்டா மாத்தணும். கிளச்சில ஒயில் பட்டிருக்கா எண்டும் பாருங்க. விபரத்தைத் தனி இழையாப் போடுங்க, இங்க கலந்தா ரெண்டு பேருக்கும் குழப்பம்.

தாழங்குடா_தம்பி
டாங்கி முடிஞ்சுது. வினாகிரி கறுப்பாகி வந்தது. நட்டு 20ம் வந்துட்டு, ஆனா கடைசி ஒண்டுக்கு அரை மணி நேரம். இப்ப ஒரு மணி நேரம் ஓடினாலும் நிக்குதில்ல. ஆனா காலையில இன்னும் 12 கிக். பிளக் ரெண்டும் கபில நிறம். சோக் வயர் இழுபடுது.

ஒயில்கை
பிளக் கபிலம் என்றால் கலவை சரி. கறுப்புப் புழுதி என்றால் பெற்றோல் கூட, வெள்ளை என்றால் குறைவு அல்லது எங்கோ காற்று இழுக்கிறது, ஈரமாக ஒயில் படிந்திருந்தால் ரிங் அல்லது வால்வு சீல். உங்களுக்கு இனிப் பார்க்க வேண்டியது வால்வு இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ரொக்கர் கைக்கும் நடுவிலுள்ள இடம். "வால்வுச் சத்தம் இல்லை, இன்ஜின் சைலண்ட்" என்று சொல்லித்தான் பலர் விற்கிறார்கள். இறுகிய வால்வுதான் சத்தமே போடாது. முழுதாக மூடாத வால்வால் கொம்பிரஷன் கசியும், குளிர் இன்ஜின் பிடிக்காது. அப்படியே ஓடினால் புகை வெளியேறும் வெளி வால்வு எரியும்.

இரவு முழுக்க ஆறிய இன்ஜினில் செய்யுங்கள். டாங்கியைக் கழற்றி, இரண்டு பிளக்கையும் எடுத்துவிடுங்கள், இன்ஜின் லேசாகச் சுற்றும். ஐந்தாம் கியரில் போட்டுப் பின் வீலை முன்னுக்குச் சுற்றுங்கள். உள் வால்வின் ரொக்கர் இறங்கி எழுந்த பிறகு, மக்னற் மூடியின் சிறு துவாரத்தில், பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டும் டி குறி கோட்டுக்கு வரும் இடத்தில் நிறுத்துங்கள். இரண்டு ரொக்கரும் கையால் அசைத்தால் மெல்லிய ஆட்டம் இருக்க வேண்டும். டி குறியில் நின்றும் ஒன்று முட்டிக்கொண்டு நின்றால், அந்த வால்வு இறுகியிருக்கலாம், அல்லது நீங்கள் தவறான சுற்றில் நிற்கலாம். இன்னொரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) அளவு உள் வால்வு 0.05, வெளி வால்வு 0.10 மில்லிமீற்றர். தகடு மெல்லிய உரசலோடு இழுபட வேண்டும். பூட்டு நட்டை இறுக்கும்போது திருகாணியும் சேர்ந்து சுற்றும், ஆகவே இறுக்கிய பிறகு திரும்ப அளவுங்கள். பெரும்பாலோர் தவறுவது இந்த இடத்தில்தான்.

உப்புக்காத்து
காபரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில இருக்கிற ரப்பரையும் மடிச்சுப் பாருங்க. வெடிப்பு இருந்தா ஐட்லிங் ஏறி இறங்கும். இன்ஜின் ஓடும்போது அந்த இடத்தில கொஞ்சம் சவர்க்காரத் தண்ணி தெளிச்சா, வெடிப்பிருந்தா சத்தம் மாறும்.

தாழங்குடா_தம்பி
வெளி வால்வுக்குள்ள 0.05 தகடே போகல்ல. சரி பண்ணியாச்சு. இண்டைக்குக் காலையில சோக்கோட ரெண்டாவது கிக்கில பிடிச்சுது. ஐட்லிங்கை நிமிஷத்துக்கு 1400 சுத்தில வச்சிருக்கு. இப்ப பட்டரி.

சம்மாந்துறை_வயல்காரன்
மல்டிமீட்டர் எடுங்க, மலிவானது போதும். நாலு அளவு:
ராத்திரி முழுக்க சும்மா வச்ச பட்டரி: 12.6 வோல்ட்டுக்குக் கிட்ட இருந்தா நிறைவு, 12.0 எண்டா வெறுமை.
செல்ப் அடிக்கும்போது: 9.5–10க்குக் கீழ விழுந்தா பட்டரி பலவீனம்.
இன்ஜின் 4000ல ஓடும்போது: 13.5–14.5க்குள்ள. 13க்குக் கீழ எண்டா சார்ஜ் இல்ல, 15க்கு மேல எண்டா சார்ஜை மட்டுப்படுத்துற ரெகுலேட்டர் பட்டரியைக் காச்சுது.
சாவி ஓப்: நெகட்டிவ் வயரைக் கழட்டி, வயருக்கும் பட்டரிக்கும் நடுவில மீட்டரை அம்பியர்ல பூட்டுங்க. ஒண்டு ரெண்டு மில்லி அம்பியருக்கு மேல போகக் கூடாது. மீட்டர் பூட்டினபடி சாவியைத் திறந்திடாதீங்க, பியூஸ் போகும்.

தாழங்குடா_தம்பி
12.1. செல்ப் அடிச்சா 8.8. 4000ல 12.3. சாவி ஓப்ல 38 மில்லி அம்பியர்.

ஒயில்கை
இரண்டு பிழை. 38 மில்லி அம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 0.9 அம்பியர் மணி. 9 அம்பியர் மணிப் பட்டரியில் பத்தில் ஒன்று ஒவ்வொரு நாளும் சும்மா போகிறது. முந்தியவர் பூட்டிய அலாரம், போன் சார்ஜர் எதாவது இருக்கும், ஒவ்வொரு பியூஸாகவும் பிளக்காகவும் கழற்றுங்கள், எந்த இடத்தில் மீட்டர் விழுகிறதோ அதுதான். மற்றது சார்ஜ் இல்லாதது. பட்டரி மாற்றினாலும் புதுப் பட்டரி ஒரு கிழமையில் இதே நிலைக்கு வரும்.

உப்புக்காத்து
இந்த இடத்தில என்ட கட்சி வெல்லும். ரெகுலேட்டரின் சொக்கட்டைக் கழட்டுங்க. கடற்கரைப் பைக்கில உள்ளுக்குப் பச்சை பூத்திருக்கும். ரெகுலேட்டருக்கு வாற வயர்களுக்கு நடுவில மீட்டரை ஏசியில வச்சா, ஆக்ஸிலேட்டர் முறுக்க முறுக்க வோல்ட் ஏறணும். ஏறினா கரண்ட் உண்டாக்கிற ஸ்டேட்டர் நல்லம். மறுகா பின்னை மெல்லிய உப்புத் தாளால சுரண்டி, ரெகுலேட்டர் பூட்டியிருக்கிற இடத்தின் பெயின்டையும் துருவையும் எடுத்து, இரும்போட இரும்பு தொடப் பூட்டுங்க. பட்டரி ஏர்த் வயர் இன்ஜின்ல பூட்டுற இடமும் அப்படித்தான். முடிஞ்ச பிறகு மேல மெல்லிசா வாசலின் பூசுங்க. உள்ளுக்குக் கட்டி கட்டியா அடைக்காதீங்க.

தாழங்குடா_தம்பி
காக்கா சொன்ன மாதிரி மீட்டர் வச்சுப் பாத்தா, அலாரத்தின் பிளக்கைக் கழட்டினதும் 38 போய் 0.6. சொக்கட் முழுக்கப் பச்சை. சுரண்டிப் பூட்டினா 4000ல 14.1! பட்டரியை வெளியில சார்ஜ் பண்ணி வச்சா 12.6ல நிக்குது, செல்ப் அடிச்சா 10.4.

பதினாலாம்_நம்பர்
அப்ப மூண்டு சாமானும் பழசே போதும். இனி நியூட்ரல்.

இன்ஜின் ஓடும்போது விழாது, நிப்பாட்டினா விழும் எண்டா கிளச் முழுசா விலகுதில்ல. லீவர் நுனியில 2–3 மில்லிமீற்றர் சும்மா ஆட்டம் இருக்க வேணும். உங்கட லீவர் பாதி வழி வந்து தான் இழுக்குதெண்டா வயரை இறுக்குங்க, முதல்ல இன்ஜின் பக்கத்து நட்டில, பிறகு லீவர் பக்கத்தில. வயர் நுனியில நூல் பிரிஞ்சிருந்தா மாத்திடுங்க.

சம்மாந்துறை_வயல்காரன்
கார் ஒயில் ஊத்தியிருந்தாலும் நியூட்ரல் விழாதே?

பதினாலாம்_நம்பர்
அது மறுபக்கம் காக்கா. கார் ஒயில்ல இருக்கிற வழுக்கு மருந்தால கிளச் நழுவும், இன்ஜின் ஏறும் வண்டி ஏறாது. நியூட்ரல் விழாதது ஒட்டுற பிழை. ஆனா பழைய தடிச்ச ஒயிலால ஒட்டும், அதால எப்படியும் மாத்தத்தான் வேணும். 20டபிள்யூ50, ஜாசோ எம்ஏ (பைக் கிளச்சுக்கு ஏத்த தரக்குறி) எண்டு டப்பாவில இருக்கணும். ஒரு லீற்றர் போல போகும், ஊத்திட்டுக் கண்ணாடியில அளவைப் பாருங்க. வடிக்கிற பழைய ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில வந்தா தண்ணி போயிருக்கு.

ஒயில்கை
அது முக்கியம். 2024 நவம்பர் வெள்ளத்தில் மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்திலும் நிறைய வண்டிகள் தண்ணியில் நின்றன. விற்பவர் சொல்லமாட்டார், வண்டி சொல்லும். ஹெட் லைட் கிண்ணத்தின் அடியில் வண்டல் கோடு, எயர் பில்டர் பெட்டியின் மூலையில் காய்ந்த சேறு, சீட்டின் அடிப் பஞ்சில் மணம், பிரேக் டிரம்முக்குள் செந்துருத் தூள். பெற்றோலில் தண்ணி முத்து இருந்ததால் இவற்றையும் பார்த்துவிடுங்கள். இருந்தால் இரண்டு வீல் பெயரிங்கும், ஸ்பீடோ மீட்டர் கியரும், சுவிங் ஆர்ம் புஷ்ஷும் கழற்றிக் கிறீஸ் மாற்ற வேண்டும்.

தாழங்குடா_தம்பி
ஒயில் கறுப்புத்தான், பால் நிறம் இல்ல. ஹெட் லைட் சுத்தம். கிளச் லீவரில 12 மில்லிமீற்றர் ஆட்டம் இருந்தது! இறுக்கி ஒயிலும் மாத்தின பிறகு நியூட்ரல் விழுது. கடைசி, 60ல ஆட்டம்.

பதினாலாம்_நம்பர்
டயரில இருந்து தொடங்குங்க. காத்து முன்னுக்கு 25, பின்னுக்கு 28, ரெண்டு பேர் எண்டா பின்னுக்கு 32. டயர் பக்கத்தில நாலு இலக்கம் இருக்கும்: 2319 எண்டா 2019ம் ஆண்டு 23ம் கிழமை. பூ இருந்தாலும் பக்கம் வெடிச்ச பழைய டயர் மழையில வழுக்கும்.

மறுகா மெயின் ஸ்டாண்ட் போட்டு, ஒரு ஆள் பின்னுக்கு அமத்த, முன் வீலைத் தூக்குங்க. ஹேண்டிலை விரலால நடுவில இருந்து தள்ளினா ரெண்டு பக்கமும் தன் பாரத்தில விழணும். நடுவில "கடக்" எண்டு குழியில விழுந்த மாதிரி நிண்டா கோன் செட், அதான் ஹேண்டில் சுழலுற பெயரிங், தேய்ஞ்சுட்டு, இறுக்கினாச் சரிவராது, மேலும் கீழும் செட்டா மாத்தணும். முன் போர்க்கின் கால் ரெண்டையும் பிடிச்சு முன்னுக்குப் பின்னுக்கு ஆட்டும்போது தட்டினா, கோன் செட் தளர்வு. வீலைப் பக்கவாட்டில ஆட்டும்போது தட்டினா, வீல் பெயரிங். பின் வீலும் அப்படியே. சுவிங் ஆர்மைப் பிடிச்சு ஆட்டினா அசைவே இருக்கக் கூடாது.

உப்புக்காத்து
செயினையும் பாருங்க. நடுவில 25–30 மில்லிமீற்றர் ஆட்டம். வீலைச் சுத்தி நாலு இடத்தில அளங்க, ஒரு இடத்தில இறுக்கம் மற்ற இடத்தில தொய்வு எண்டா செயினும் ரெண்டு ஸ்பொக்கட்டும் சேர்த்துத்தான் மாத்தணும். பழைய ஸ்பொக்கட்டில புதுச் செயின் போட்டா அதுவும் சீக்கிரம் போயிடும். இறுக்கும்போது ரெண்டு பக்கக் குறியும் சரியா இருக்கட்டும், இல்லாட்டி பின் வீல் கோணலா நிண்டு அதுவே ஆட்டும்.

தாழங்குடா_தம்பி
நடுவில "கடக்" எண்டு நிக்குது. பின் டயர் 1413. ரெண்டும் மாத்திறதுதானே?

பதினாலாம்_நம்பர்
ஓம். பின் டயர் 100/90-17, அதுக்கு மேல அகலம் போடாதீங்க. கோன் செட்டுக்குப் பழைய கிண்ணத்தைத் தட்டி எடுத்த பிறகு, புதுசு நேரா இறங்கணும், ஒரு பக்கம் சரிஞ்சா திரும்ப எடுங்க. கிறீஸ் தாராளமா. மேல் நட்டை இறுக்கி, பிறகு கொஞ்சம் தளர்த்தி, ஹேண்டில் தானா விழுதா எண்டு பாத்து, பிறகு பூட்டு நட்டை இறுக்குங்க. 300 கிலோமீற்றருக்குப் பிறகு திரும்பப் பாருங்க, கிண்ணம் இருக்கை பிடிச்சுக் கொஞ்சம் தளரும்.

சம்மாந்துறை_வயல்காரன்
முன் டிஸ்க் காலிப்பர் கழட்டி அந்த ரெண்டு வழுக்கு ஊசியையும் துடைச்சு, பிரேக் கிறீஸ் பூசிடுங்க தம்பி. உப்பு பிடிச்சா ஒரு பக்கத் தட்டுத்தான் தேயும். பிரேக் ஒயில் தேயிலைச் சாயம் மாதிரி இருந்தா டொட் 4 புதுசு. கச்சான் காலத்தில எயர் பில்டரை மாசத்துக்கு ஒருக்காத் தட்டுங்க, வயல் ரோட்டு எண்டா கிழமைக்கு. சீஆரில (பதிவுச் சான்றிதழ்ல) லீசிங் கம்பனிப் பெயர் இல்லாததையும், செசி நம்பர் இன்ஜின் நம்பர் ரெண்டும் பொருந்துறதையும் பாத்தீங்கதானே? பேர் மாத்தாத ஓபன் பேப்பர்ல வச்சிருக்காம உங்கட பேருக்கு மாத்திடுங்க.

தாழங்குடா_தம்பி
நம்பர் ரெண்டும் சரி, லீசிங் இல்ல. படிவம் ரெண்டு பேரும் ஒப்பம் வச்சாச்சு. கோன் செட்டும் டயரும் போட்டாச்சு, களுவாஞ்சிக்குடி வரை 70ல ஆட்டம் இல்ல. ஒரே ஒரு கேள்வி: டாங்கியில இருந்து இறக்கின அந்தத் தேத்தண்ணிப் பெற்றோல் மூண்டு லீற்றர் கிடக்கு. வடிச்சுத் திரும்ப ஊத்தலாமா?

பதினாலாம்_நம்பர்
வேணாம். தண்ணி துணியில நிக்காது. போத்தல்ல ஒரு நாள் அசையாம வச்சு மேல்ப் பாதியை மட்டும் எடுத்து, ஸ்பொக்கட், ஸ்டாண்ட் கழுவப் பாவிங்க. செயினுக்கு வேணாம், மண்ணெண்ணெய்தான். அடிப் பாதியைக் கானுக்குள்ள ஊத்திடாதீங்க, வாவிக்குத்தான் போகும்.